கலியாண வீட்டுக் கணக்குக் கொப்பி

அண்மையில் யாழ்ப்பாணத்திலுள்ள எமது பழைய வீட்டைத் துப்புரவாக்கியபோது, என் பேரனார் எழுதி வைத்த கணக்குக் கொப்பியொன்று அகப்பட்டது. 1948 ஆம் ஆண்டில் என் தந்தையின் மூத்த சகோதரிக்கு நடந்த திருமணத்தின் செலவு விபரம் அது.

இரண்டு பதிவுகள் என்னை நிறுத்தி வைத்தன. ஒன்று, "அளவெட்டி மேளம் - அச்சாரம்" என்று ரூபாயில் எழுதப்பட்ட தொகை. மற்றையது, "கட்டாடிக்கு நெல் 2 பறை, வேட்டி 1". முன்னையது பேசித் தீர்த்த கூலி, பின்னையது வழமை. ஒரே பந்தலின் கீழ் இரண்டு பொருளாதாரங்கள் இருந்திருக்கின்றன.

குடிமை என்பது என்னவென்று இளைய வாசகர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. பந்தலுக்கு வெள்ளை கட்டவும், மணமக்கள் நடந்துவர நிலபாவாடை விரிக்கவும், மாப்பிள்ளைக்கு முகச்சவரம் செய்யவும் யாரையும் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கவில்லை. இன்ன வீட்டுக்கு இன்ன குடும்பம் என்பது பிறப்பிலேயே தீர்மானமாகியிருந்தது. சொல்லியனுப்பினால் வரவேண்டும். 'அன்றைக்கு எனக்கு வசதியில்லை' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை.

மேளகாரரின் நிலை சற்று வேறு. அதுவும் பரம்பரைத் தொழிலே எனினும், அளவெட்டி, இணுவில் கலைஞர்களுக்குக் கோயில் திருவிழாக்களிலும் கலியாணங்களிலும் பெரும் கிராக்கி இருந்தது. 1975 இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி, தமிழகத்து முன்னணி நாதஸ்வர வித்துவான்களுக்கும் வாசித்தவர். இத்தகைய கலைஞர்களின் நாள் கிடைத்த பின்னரே முகூர்த்தத்தை உறுதிசெய்த வீடுகளும் உண்டென எங்கள் வீட்டு மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஏனையோருக்கு அந்த நிலை எளிதில் வாய்க்கவில்லை. 1945 இல் வந்த இலவசக் கல்வியும், சாதியின் பேரால் உரிமை மறுப்பதைக் குற்றமாக்கிய 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டமும் வழி திறந்தன. எனினும் சட்டம் மட்டும் போதவில்லை. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் ஆலயங்களிலும் தேநீர்க் கடைகளிலும் நடந்த போராட்டங்களும் தேவைப்பட்டன. குடிமை செய்ய மறுத்தவர்கள் அதற்குக் கொடுத்த விலை எந்தக் கொப்பியிலும் எழுதப்படவில்லை.

பின்னர் யுத்தம் வந்தது. 1993 இல் என் தங்கையின் திருமணம் நடந்தபோது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்குகளின் காலம் அது. பெற்றோமாக்ஸ் வாடகைக்குக் கொடுத்தவர் மண்ணெண்ணெயை நாங்களே கொண்டுவர வேண்டும் என்றார். அவரைத் தேடித் தந்தையார் மூன்று நாள் சைக்கிள் மிதித்தார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, இன்ன வீட்டுக்கு இன்னார் என்ற பழைய பிணைப்புகளும் வெகுவாகச் சிதறின. 2002 இல் ஏ9 பாதை திறந்ததும் புலம்பெயர்ந்தோர் கலியாணம் செய்ய ஊருக்கு வந்தனர். மண்டபம், மணவறை, சோடனை, வீடியோ என யாவும் முற்பணம் கொடுத்துப் பிடிக்கும் தொழில்களாகப் பெருகின.

கடந்த ஆண்டு என் மருமகளின் திருமணத்துக்காகச் சோடனைக்காரர் ஒருவருடன் தொலைபேசியில் பேசினேன். எங்கள் ஊரவர். 1948 இல் எங்கள் பந்தலுக்கு வெள்ளை கட்டியவரின் பேரன்.

"ஐயா, அந்த நாளை வேறொரு வீட்டுக்குக் குடுத்திட்டன். குறை நினையாதேங்கோ. வேற நாள் எண்டால் சொல்லுங்கோ" என்றார்.

வீட்டில் சிலருக்கு அது மனத்தாங்கலாக இருந்தது. "எங்களுக்கே இல்லையெண்டிட்டானோ?" என்று கேட்டார் முதியவர் ஒருவர். அந்த 'எங்களுக்கே' என்ற சொல்லில் பழைய கொப்பி முழுவதும் இருந்தது.

நாங்கள் நாளை மாற்றினோம். அவருக்குக் கொடுத்த முற்பணத்தை எழுதும்போது பேரனாரின் கொப்பியை மீண்டும் புரட்டினேன். அவருடைய பாட்டனாரின் பெயர் அதில் எங்கும் இல்லை; 'கட்டாடி' என்றே இருந்தது. நான் அவருடைய பெயரை எழுதி, அதற்கு எதிரே தொகையைக் குறித்துக்கொண்டேன்.