ஒரு துறையும் அதன் காணியும்

தோட்டஞ் செய்யிறதைப் படிக்க எதற்குப் பல்கலைக்கழகம்? கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்குள்ளேயே இப்படிக் கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பூங்கனியியல் துறை வளர்ந்த கதையைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். கூடவே இன்னொரு கேள்வியும் வரும்.

1857இல் திறக்கப்பட்டபோது அது ஒரு விவசாயக் கல்லூரி. மாணவர்கள் நாளுக்கு மூன்று மணித்தியாலம் உடலுழைப்புச் செய்தே ஆகவேணும். மரம் வெட்டி, அடிக்கட்டை கிளப்பி, காட்டை வெளியாக்கியதில் அவர்களுக்கும் பங்குண்டு.

அங்கே தாவரவியலோடு பூங்கனியியலையும் படிப்பித்தவர் வில்லியம் ஜேம்ஸ் பீல். எத்தனை தரம் புல்லுப் பிடுங்கினாலும் திரும்பத் திரும்ப முளைக்குதே, மண்ணுக்குள்ள விதை எவ்வளவு காலம் உயிரோட கிடக்கும்? விவசாயிகளை அலைக்கழித்த இந்தக் கேள்விக்கு விடை தேடி, 1879இல் 20 போத்தல்களில் விதையையும் மணலையும் நிரப்பிப் புதைத்தார். 1924இல் அவர் இறந்த பிறகும் அந்தப் பரிசோதனை கைமாறிக் கைமாறித் தொடர்கிறது. 2021இல் தோண்டியெடுத்த போத்தலிலும் சில விதைகள் முளைத்தன. கடைசிப் போத்தலின் முறை 2100இல்.

பீலின் மாணவர் லிபர்ட்டி ஹைட் பெய்லி, அப்பிள் தோட்டக்காரர் ஒருவரின் மகன். ஹார்வர்டில் வேலை செய்துவிட்டு, 1885இல் பூங்கனியியல் பேராசிரியராகத் திரும்பி வந்தார். 1888இல் பூங்கனியியலுக்கென்றே ஓர் ஆய்வுகூடக் கட்டடம் எழும்பியது. அமெரிக்காவில் அப்படியொன்று அதுதான் முதல். அதே ஆண்டு பெய்லி கோர்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். கட்டடம் இன்றும் நிற்கிறது.

கதையை இதோட முடிக்க ஏலாது. அந்தப் பல்கலைக்கழகம் நிற்கும் நிலம், 1819ஆம் ஆண்டின் சாகினோ உடன்படிக்கையால் அனிஷினாபே மக்களின் கையைவிட்டுப் போனது. பிறகு, 1862இன் மொரில் சட்டத்தின் கீழ் மிச்சிகனுக்கு 240,000 ஏக்கர் காணி கிடைத்தது. அதை விற்ற காசு கல்லூரியின் நிதியானது. இவையெல்லாம் பழங்குடி மக்களிடமிருந்து அரசு எடுத்த காணிகள். அனிஷினாபே மக்களும் சோளம், அவரை, பூசணி பயிரிட்டவர்கள்தான்.

தோட்டவேலையும் அறிவுதான் எண்டு அந்தத் துறை நிறுவிக் காட்டியது. அந்த மதிப்பு யாருடைய தோட்டத்துக்குக் கிடைத்தது, யாருடைய தோட்டத்துக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் நாங்கள் அதன் வரலாற்றை வாசிக்க வேணும்.