கலர் டிவியும் வீட்டு மொழியும்

புதிதாக ஒரு சாதனம் கடைக்கு வந்துவிட்டால் அதைப் பற்றி வாதம் செய்வது நம்மவர்களுக்குக் கைவந்த கலை. எந்தக் கைப்பேசி உழைக்கும், புதுப்படத்தைத் தியேட்டரில் பார்ப்பதா ஓடிடியில் வரும்வரை காத்திருப்பதா, பேட்டரி இரண்டு நாள் வரும் என்று கம்பெனிக்காரன் சொல்வது நிஜமா என்று நம் வீட்டுக் கூடங்களில் இன்றும் நடக்கிற பேச்சுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அதில் தில்லித் தமிழர்களை நேராகத் தொட்ட ஓர் அத்தியாயம், 1982இல் வந்த கலர் டிவி.

இந்தியத் தொலைக்காட்சி பிறந்ததே தில்லியில்தான். 1959 செப்டம்பர் 15ஆம் நாள் ஆகாசவாணியின் ஓர் அங்கமாகச் சோதனை முறையில் தொடங்கியது. 1965இல் தினசரி ஒளிபரப்பு ஆனது. பம்பாய்க்கு 1972இலும் சென்னைக்கு 1975இலும் வந்தது. நகரத்துக்காரர்களின் பொழுதுபோக்காக இது நின்றுவிடக் கூடாது, பள்ளிக்கூடமே எட்டாத கிராமத்துக்குத்தான் முதலில் போக வேண்டும் என்று வாதாடியவர் விக்ரம் சாராபாய். அவர் 1971இல் மறைந்த பிறகு அந்தக் கனவு சோதித்துப் பார்க்கப்பட்டது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு விவசாயம், சுகாதாரம், கல்வி நிகழ்ச்சிகள் சென்றன. அவை இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் இருந்தன. கிராமத்தானுக்கு அவன் மொழியில் பேசினால்தான் விஷயம் போய்ச் சேரும் என்பதை அன்றைய பொறியாளர்களும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களும் நன்றாகவே அறிந்திருந்தார்கள். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வந்தது 1982. நவம்பரில் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்கு முன்னோடியாக ஆகஸ்டு 15 அன்று கலர் ஒளிபரப்பும், நாடு முழுவதற்குமான தேசிய நிகழ்ச்சியும் தொடங்கின. வெளிநாட்டிலிருந்து கலர் செட்டுகள் கொண்டுவர அரசு வழிவிட்டது. அப்போதுதான் வாதம் சூடு பிடித்தது. நாங்கள் ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். மாலையில் புல்வெளியில் நாலு பேர் கூடினால் இதே பேச்சுத்தான்.

“குடிக்கத் தண்ணியில்லாத கிராமம் எத்தனையோ இருக்கு. இதுல கலர் ஒரு கேடா?” என்பார் ஒருவர்.

“இல்ல சார், உலகமே கலருக்குப் போயாச்சு. நாம மட்டும் கறுப்பு வெள்ளையைக் கட்டிண்டு அழணுமா?” என்பார் இன்னொருவர்.

நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் நடந்த வாதமும் சாராம்சத்தில் இதுவேதான். கலருக்காக வாதாடியவர்களில் முன்னணியில் நின்றவர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த வசந்த் சாத்தே.

பொறியியல் சம்பந்தமான சந்தேகங்களும் கிளம்பின. கலர் வந்துவிட்டால் பழைய செட்டைக் குப்பையில்தான் போட வேண்டும் என்று ஒரு வதந்தி. அது பொய். இந்தியா தேர்ந்தெடுத்த பிஏஎல் முறையில் படத்தின் வெளிச்ச அளவு தனியாகவும் நிறம் பற்றிய தகவல் தனியாகவும் ஒரே அலைவரிசைக்குள் அனுப்பப்படுகின்றன. பழைய செட், வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிறத்தை விட்டுவிடும். படம் கறுப்பு வெள்ளையில் வழக்கம்போலத் தெரியும். இதற்கு நேர் எதிரான பொய்யும் கடைத்தெருவில் விற்றது. மேலே நீலம், கீழே பச்சை என்று நிறம் பூசிய பிளாஸ்டிக் தகட்டைத் திரைக்கு முன்னால் மாட்டினால் பழைய செட்டே கலர் ஆகிவிடுமாம்! வானம் நீலமாகத்தான் தெரிந்தது. செய்தி வாசிப்பவரின் நெற்றியும் நீலமாகவே தெரிந்தது.

சரி, வாதத்தில் வென்றது யார்? இரண்டு கட்சிக்கும் பாதி வெற்றி. உலகம் கலருக்குப் போய்க்கொண்டிருந்தது உண்மை. கிராமத்துப் பள்ளிக்கூடமாக இருக்கும் என்று சொல்லப்பட்ட டிவி, வேறு பக்கம் திரும்பியதும் உண்மை. 1984 ஜூலையில் தொடங்கிய ‘ஹம் லோக்’ தொடர் குடும்பநலக் கருத்துகளைப் பரப்புவதற்காகத் திட்டமிடப்பட்டது. அதன் வழியாக நாடெங்கும் பரவியது இரண்டு நிமிட நூடுல்ஸ்!

ஆனால் நான் கேட்ட அந்த வாதங்களில் ஒரு கேள்வி மட்டும் எழவே இல்லை. இந்தப் பெட்டி நம் வீட்டில் எந்த மொழியில் பேசப் போகிறது?

தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. அதுவரை எங்கள் வீட்டு ரேடியோ தமிழ் பேசியது. ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி தில்லியிலிருந்தே வாசிக்கப்பட்டது. சரோஜ் நாராயண்ஸ்வாமியின் குரல் இங்கிருந்துதான் தமிழ்நாடு முழுக்கப் போனது. அதே தில்லியில் ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் கூடத்தில் உட்கார்ந்துகொண்ட டிவியோ இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் பேசியது. சென்னையில் இருந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ இருந்தது. நமக்குக் கிடைத்தது, ஞாயிறு மத்தியானம் மாநில மொழிப் படங்களின் வரிசையில் எப்போதோ வரும் ஒரு தமிழ்ப் படம். அன்றைக்குப் பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு பார்ப்போம். பாட்டி கதை சொல்லும் நேரத்தை டிவி எடுத்துக்கொண்டது. குழந்தைகள் பாட்டிக்கே இந்தியில் பதில் சொல்லத் தொடங்கின. பள்ளிக்கூடமும் தெருவும் முன்னமே இந்தியில் இருந்தன. மிஞ்சியிருந்த கூடமும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

தூர்தர்ஷன் தில்லியையே மையமாக வைத்து இயங்குகிறது என்று 1982இல் அமைக்கப்பட்ட பி.சி. ஜோஷி குழுவும் குறை சொன்னது. நம் குறை தீர்ந்தது அந்த அறிக்கையால் அல்ல. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. செயற்கைக்கோள் அலைக்கு மாநில எல்லை கிடையாது. கேபிள்காரரிடம் பத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் தில்லியிலும் கல்கத்தாவிலும் தமிழ் வீட்டுக்குள் வந்தது. ஆனால் அதற்குள் பத்து வருஷம் ஓடிவிட்டது. அந்தப் பத்து வருஷத்தில் வளர்ந்த பிள்ளைகளில் பலர் தமிழைப் புரிந்துகொள்வார்கள், பேசத் தயங்குவார்கள், எழுதப் படிக்கத் தெரியாது. வாரக் கடைசித் தமிழ் வகுப்புக்குத் தம் குழந்தைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோரில் அவர்களும் இருக்கிறார்கள்.

இன்றைய கைப்பேசியும் ஓடிடியும் அன்றைய டிவியைப் போல ஒரே மொழியைத் திணிப்பதில்லை. மொழியை நாமே தேர்ந்தெடுக்கலாம். அதனால் பொறுப்பு இப்போது தில்லி நிலையத்தாரிடம் இல்லை, நம் வீட்டில் இருக்கிறது. அடுத்த முறை புதுச் சாதனம் வாங்கும்போது விலையையும் மாடலையும் பற்றித் தாராளமாகச் சண்டை போடுங்கள். வாங்கி வந்த அன்றைக்கே அதன் அமைப்புகளுக்குள் போய் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று குழந்தையை விட்டே தேடச் சொல்லுங்கள். பக்கத்தில் பாட்டி உட்கார்ந்திருந்தால் இன்னும் விசேஷம்.