அரக்கோணத்தில் நழுவியவர்

1942 ஆகஸ்ட் 8. பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடிவதற்குள் காந்தி கைது, நேரு கைது. நாடு முழுக்க போலீஸ் கையில் பட்டியல். அதில் விருதுநகர் காமராஜ் பெயரும் உண்டு. அப்போது அவர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர்.

பம்பாயிலிருந்து திரும்பி வருகிற ரயில் அரக்கோணத்தில் நிற்கிறது. பிளாட்பாரம் முழுக்க போலீஸ். காமராஜ் பார்த்தார். கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி நடந்தார். அவ்வளவுதான், ஆளைக் காணோம்!

ராணிப்பேட்டை, வேலூர், தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று போய், அங்கங்கே தொண்டர்களைப் பார்த்து, அடுத்து ஆக வேண்டியதைச் சொல்லிவிட்டு, கடைசியில் விருதுநகர் வந்து சேர்ந்தார். வந்த வேலை முடிந்தது. தான் ஊரில் இருப்பதாக போலீஸுக்கு அவரே தகவல் அனுப்பிக் கைதானார். 1945 வரை சிறை.

போலீஸ் ஒன்றும் தூங்கிக்கொண்டு இருக்கவில்லை. அவர் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். 1933-ல் விருதுநகர் தபால் ஆபீஸிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் ஸ்டேஷனிலும் குண்டு வீசிய வழக்கில் அவரையும் சேர்த்தார்கள், கேஸ் நிற்கவில்லை. கடிதத்தைப் பிரித்துப் படிக்க 1898-ம் வருடச் சட்டம், தந்தியை மறித்துப் பார்க்க 1885-ம் வருடச் சட்டம் என்று எல்லாம் கைவசம் இருந்தது. பிறகு எப்படிக் கோட்டைவிட்டார்கள்?

செலவு சார், செலவு! ஒரு ஆளை ராத்திரி பகலாகக் கண்காணிக்க மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் வேண்டும். சம்பளம், படி, ரயில் டிக்கெட். அதனால்தான் வெள்ளைக்காரன்கூட முக்கியமான சிலரை மட்டும் பின்தொடர்ந்தான். மற்றவர்கள் தப்பித்தது அவன் கருணையால் இல்லை, பட்ஜெட்டால்.

இன்றைக்கு அந்தச் செலவை நாமே ஏற்றுக்கொண்டோம். போனை நம் காசில் வாங்குகிறோம், சார்ஜ் போடுகிறோம், மாதாமாதம் ரீசார்ஜும் செய்கிறோம். அது சட்டைப்பையில் இருந்தபடியே நம்மைப் பற்றி ரிப்போர்ட் எழுதுகிறது. 2013-ல் அமெரிக்காவில் ஒரு டார்ச் லைட் ஆப் மாட்டியது. கோடிக்கணக்கான போன்களில் ஏறியிருந்த அந்த ஆப், ஆள் இருக்கும் இடத்தை விளம்பரக் கம்பெனிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. விளக்கு எரிய விலாசம் எதற்கு?

கூகுள் கதை இன்னும் விசேஷம். 'லொகேஷன் ஹிஸ்டரி'யை அணைத்த பிறகும் வேறொரு ஸ்விட்ச் வழியாக இடத்தைக் குறித்து வந்தது 2018-ல் அம்பலமானது. 2022-ல் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39 கோடி டாலருக்கு மேல் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள். அந்த இன்னொரு ஸ்விட்சின் பெயர் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி'. உங்கள் கூகுள் கணக்கில் அதுவும் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியே செட்டிங்ஸில் லொகேஷன் பக்கம் போனால் எந்தெந்த ஆப்புக்கு எப்போதும் அனுமதி இருக்கிறது என்று தெரியும். மேப்புக்கும் டாக்ஸிக்கும் 'பயன்படுத்தும்போது மட்டும்' போதும். சிவகாசி பட்டாசு விலைப்பட்டியல் காட்டுகிற ஆப்புக்கு மைக் எதற்கு, கான்டாக்ட்ஸ் எதற்கு? பிடுங்குங்கள். பின்னணியில் டேட்டா ஓடுவதையும் ஆப் வாரியாக நிறுத்தலாம். புதிய ஆண்ட்ராய்டுகளில் விளம்பர அடையாள எண்ணையே அழித்துவிடலாம்.

சட்டம்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 2017 ஆகஸ்ட் 24-ல் சொல்லிவிட்டது. தபால் சட்டத்தையும் தந்திச் சட்டத்தையும் மாற்றி 2023-ல் புதுச் சட்டங்கள் வந்தன. மறித்துப் பார்க்கும் அதிகாரம் மட்டும் இரண்டிலும் பத்திரமாக இருக்கிறது.

டவர் விஷயத்தில் எந்த செட்டிங்ஸும் உதவாது. ஒரு கால் பேசினால், எந்த டவர் வழியாகப் போனது என்பது கம்பெனியில் பதிவாகிவிடும். அந்தப் பதிவைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்திய அரசு உத்தரவு போட்டது. காமராஜர் ராணிப்பேட்டையிலிருந்து ஒரே ஒரு போன் போட்டிருந்தால், வேலூர் தாண்டியிருக்க மாட்டார்.