ஆட்டுக்கிடையிலிருந்து வீட்டு வாசலுக்கு

‘நாய்கள் ஜாக்கிரதை’ என்ற பலகை தொங்கும் வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பலகைக்குப் பின்னால் பெரும்பாலும் நம் நினைவுக்கு வருவது, காதுகளை நிமிர்த்தி நிற்கும் ஓர் அல்சேஷன் நாய்தான். அந்தக் குட்டியை வாங்கி வந்த வீட்டாருக்கு அக்கம்பக்கத்தார் சொல்லும் அறிவுரையும் உங்கள் காதில் விழுந்திருக்கலாம். “யாரிடமும் பழக விடாதீர்கள்; எப்போதும் கட்டியே வையுங்கள்; அப்போதுதான் மூர்க்கமாக வளரும், நன்றாகக் காவல் காக்கும்” என்பார்கள்.

இந்த அறிவுரை சரியா? மூர்க்கம்தான் காவலா? இதற்கு விடை தெரிய வேண்டுமானால், இந்த நாய் எங்கே தோன்றியது, காவல் தொழிலை எப்படிக் கற்றது என்ற வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நடமாடும் வேலி

அல்சேஷனின் உண்மையான பெயர் ‘ஜெர்மன் ஷெப்பர்டு’, அதாவது ஜெர்மானிய மேய்ப்பு நாய். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் மேய்ச்சல் நிலங்களுக்கும் பயிர் வயல்களுக்கும் இடையே பல இடங்களில் வேலியே கிடையாது. ஒரு பக்கம் புல், மறு பக்கம் கோதுமை, நடுவே ஓர் உழவுச்சால். அந்தச் சாலின் ஓரமாக நாள் முழுவதும் மேலும் கீழும் ஓடி, நூற்றுக்கணக்கான ஆடுகளை எல்லை தாண்டாமல் காப்பதே இந்த நாயின் வேலை. நடமாடும் வேலி என்றே அதைச் சொல்லலாம்.

அடங்காத ஆடு ஒன்று சாலைத் தாண்டினால் நாய் அதைக் கவ்வலாம். ஆனால் கழுத்து, விலா, தொடை ஆகிய இடங்களில் மட்டுமே கவ்வ வேண்டும். தோல் கிழியக் கூடாது. கவ்விய உடனே விட்டுவிடவும் வேண்டும். ஆட்டைக் குதறும் நாயால் மேய்ப்பனுக்கு நஷ்டமே தவிர லாபம் என்ன?

இங்கே இரண்டு குணங்களைக் கவனியுங்கள். ஒன்று, எல்லையைக் காப்பது. மற்றொன்று, பல்லை அளவோடு பயன்படுத்துவது. பிற்காலத்தில் வந்த காவல் பயிற்சி முழுவதும் இந்த இரண்டின் மேல்தான் கட்டப்பட்டது.

ஒரு குதிரைப்படை அதிகாரியின் முயற்சி

மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் (1864–1936) என்பவர் ஜெர்மானியக் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தவர். 1899 ஏப்ரல் 3ஆம் நாள் கார்ல்ஸ்ரூஹே நகரில் நடந்த நாய்க் கண்காட்சியில், ஓநாயைப் போன்ற தோற்றமுடைய நான்கு வயது மேய்ப்பு நாய் ஒன்றைக் கண்டார். உடனே அதை விலைக்கு வாங்கி, ‘ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத்’ என்று பெயரிட்டார். அதே மாதம் 22ஆம் நாள் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களுக்கான சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். அந்தச் சங்கத்தின் வம்சப் பதிவேட்டில் முதல் எண்ணைப் பெற்றது ஹோராண்ட்தான்.

ஹோராண்டைப் பற்றி ஸ்டெஃபானிட்ஸ் எழுதியிருப்பது சுவையானது. குட்டிப் பருவத்தில் அதற்கு முறையான பயிற்சி கிடைக்கவில்லை. தனியே விட்டால் அடங்காத குறும்பு செய்யும். ஆனால் எஜமானர் அருகில் இருந்தால் சிறு தலையசைப்புக்கும் பணியும் என்கிறார். நாயின் அழகைவிட அதன் அறிவும் உழைப்புமே பெரிது என்பது அவர் கொள்கை.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைகள் பெருகின, வெளிநாட்டுக் கம்பளி வந்து குவிந்தது, ஜெர்மனியில் ஆட்டு மந்தைகள் குறைந்தன. மந்தை இல்லாத மேய்ப்பு நாய்க்கு என்ன வேலை கொடுப்பது? அதே 1899இல் பெல்ஜியம் நாட்டின் கென்ட் நகரக் காவல்துறை, இரவு ரோந்துக்கு நாய்களை ஈடுபடுத்தத் தொடங்கியது. இது ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. ஸ்டெஃபானிட்ஸும் தம் நாய்களைக் காவல்துறையிடமும் ராணுவத்திடமும் கொண்டு சென்றார்.

‘விடு!’ என்ற கட்டளை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நாய்களுக்கென ஒரு தேர்வு உருவாயிற்று. அதன் பெயர் ‘ஷுட்ஸ்ஹுண்ட்’. காவல் நாய் என்பது இதன் பொருள். இன்று வேறு பெயரில், உலகின் பல நாடுகளில் இது நடைபெறுகிறது. மோப்பம், கீழ்ப்படிதல், காவல் என இதில் மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், மொத்தம் 300.

காவல் பகுதியில் என்ன நடக்கிறது தெரியுமா? மைதானத்தில் சில மறைவிடங்கள் இருக்கும். ஒன்றில், கையில் தடித்த உறை அணிந்த ஒருவர் அசையாமல் நிற்பார். நாய் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டவுடன் கடிக்கலாமா? கூடாது! அவர் முன்னால் நின்று குரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் தப்பி ஓடினாலோ, தாக்க வந்தாலோ மட்டுமே உறையைக் கவ்வலாம். அவர் அசைவை நிறுத்திய பிறகு, ‘அவுஸ்’ என்று எஜமானரின் குரல் கேட்டதும் வாயை எடுத்துவிட வேண்டும். அவுஸ் என்றால் ‘விடு’ என்று பொருள். விடாத நாய் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் தேர்வில் தேறாது.

உழவுச்சாலின் ஓரத்தில் கவ்வி விட்ட நாய்தான், இங்கே வேறு உருவில் மீண்டும் தோன்றுகிறது.

அறிவியல் நுழைகிறது

நாயைப் பழக்குவது அதுவரை ஒரு கைப்பழக்கமாகவே இருந்தது. நாய்க்கு மனிதனைப் போல நன்மை தீமை தெரியும், தவறு செய்தால் அடிக்க வேண்டும் என்றே பலர் எண்ணினர். ஜெர்மானியக் காவல்துறையில் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட், 1910இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். நாய்க்கு ஒழுக்கநெறி தெரியாது. ஒரு செயலுக்குப் பின் உடனே வரும் இன்பத்தையும் துன்பத்தையும் கொண்டே அது கற்கிறது என்றார். அரை நிமிடம் கழித்துக் கொடுக்கும் தண்டனையால் நாய் எதையும் கற்பதில்லை, குழம்பித்தான் போகும்.

அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் இதே விதியைச் சோதனைச்சாலையில் ஆராய்ந்து நூலாக வெளியிட்டது 1938இல்தான். அதாவது மோஸ்ட் அவருக்கு 28 ஆண்டுகள் முந்தியவர். ஆனால் மோஸ்டின் முறைகளில் பிரம்பும் முள் பட்டையும் உண்டு. அவர் கண்ட விதி நிலைத்தது. பிரம்பின் மதிப்புக் குறைந்துகொண்டே வந்தது.

ஒரே நாய், இரண்டு வேலைகள்

முதல் உலகப் போரில் ஜெர்மனி ஏறத்தாழ 30,000 நாய்களைப் பயன்படுத்தியது. அவை செய்தி சுமந்தன; காயமுற்ற வீரர்களைத் தேடின. போரில் பார்வை இழந்தவர்களுக்காக 1916இல் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் ஷெப்பர்டுகளை வளர்த்துவந்த டாரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, இத்தகைய பணியைப் பற்றி 1927இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் விளைவாக 1929இல் அமெரிக்காவிலும் வழிகாட்டி நாய்ப் பள்ளி பிறந்தது.

எதிரி நாட்டின் பெயரைச் சொல்ல விரும்பாத ஆங்கிலேயர், போருக்குப் பின் 1919இல், பிரான்ஸ்–ஜெர்மனி எல்லையிலுள்ள அல்சேஸ் பகுதியின் பெயரால் இதை ‘அல்சேஷன்’ என்று பதிவு செய்தனர். நம் வழக்கிலும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

இதே நாயை, பின்னர் நாஜிகள் தங்கள் வதை முகாம்களில் கைதிகளை அச்சுறுத்தவும் பயன்படுத்தினர். தாம் தோற்றுவித்த சங்கத்திலிருந்து ஸ்டெஃபானிட்ஸ் 1935இல் விலகினார். மறு ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், சங்கம் பிறந்த அதே தேதியில், காலமானார். ஒரே இனத்தைச் சேர்ந்த ஒரு நாய் பார்வையற்றவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. மற்றொரு நாய் கைதியின் மேல் பாய்கிறது. வேற்றுமை நாயின் இரத்தத்தில் இல்லை. வார் பிடித்த மனிதனின் கையில் இருந்தது.

விலைமதிப்பற்ற சில வாரங்கள்

சரி, குட்டியை யாரிடமும் பழக விடாமல் வளர்த்தால் என்ன ஆகும்? இதை அமெரிக்காவின் பார் ஹார்பர் நகரிலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தினர் சோதித்துப் பார்த்தனர். சில குட்டிகளை உயர்ந்த வேலிக்குள், மனிதத் தொடர்பே இல்லாமல் 14 வாரங்கள் வளர விட்டனர். அவை மனிதரைக் கண்டால் காட்டு விலங்குகளைப் போல மிரண்டன. பிறகு எவ்வளவு முயன்றும் முழுமையாகப் பழகவில்லை. இடையில் தக்க வயதில் ஒரு வாரம் மட்டும் மனிதரோடு இருந்த குட்டிகளோ பழகிவிட்டன. 1961இல் இம்முடிவு வெளியாயிற்று. ஸ்காட், ஃபுல்லர் என்ற அறிஞர்கள் 1965இல் எழுதிய நூல், ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையிலான காலமே நாய் உலகத்தோடு உறவு கொள்ளும் பருவம் என்று விளக்கியது.

இப்போது அக்கம்பக்கத்தார் சொன்ன அறிவுரையை மறுபடி எண்ணிப் பாருங்கள். தனிமையில் வளர்ந்த குட்டி வீரனாவதில்லை; பயந்தாங்கொள்ளி ஆகிறது. பயந்த நாய்க்குத் திருடன் யார், தபால்காரர் யார், பந்தை எடுக்க ஓடிவரும் எதிர்வீட்டுக் குழந்தை யார் என்று தெரியாது. எல்லாரும் அதற்கு ஆபத்தே. எல்லாரையும் அது கடிக்கும்.

அடித்துப் பழக்கினால்? 2004இல் நெதர்லாந்தில், காவல் பயிற்சி பெறும் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களையே ஆராய்ந்தார்கள். மின் அதிர்ச்சிப் பட்டையால் பழக்கப்பட்டவை, அதிர்ச்சி இல்லாத நேரத்திலும் எஜமானர் அருகே காதுகளைத் தாழ்த்தி, மன இறுக்கத்தோடு காணப்பட்டன. அதே ஆண்டு இங்கிலாந்தில் 364 நாய் வளர்ப்போரிடம் எடுத்த ஆய்வும், பரிசு தந்து பழக்கிய நாய்களே நன்கு கீழ்ப்படிவதைக் காட்டியது.

படிப்படியாக

ஆகவே, நல்ல பயிற்சியாளர்கள் இளம் நாயை எப்படிப் பழக்குகிறார்கள் என்று பாருங்கள். முதல் மூன்று மாதங்களில் கடிக்கக் கற்றுத் தருவதில்லை. மனிதர், குழந்தைகள், வாகன ஓசை, கூட்டம் ஆகியவற்றைக் காட்டிப் பழக்குகிறார்கள். தடுப்பூசிகள் முடியும்வரை கையில் தூக்கிச் சென்றாவது இதைச் செய்வதுண்டு. அடுத்து, ‘உட்கார்’, ‘இரு’, ‘வா’ என்ற சொற்கள். ஒவ்வொரு வெற்றிக்கும் உடனே ஒரு துண்டு தின்பண்டமோ விளையாட்டோ பரிசு. துணியைக் கவ்வி இழுக்கும் விளையாட்டிலேயே ‘விடு’ என்ற பாடமும் வந்துவிடுகிறது. விட்டால் மீண்டும் விளையாட்டு உண்டு என்று குட்டி கண்டுகொள்கிறது. சுமார் 4 முதல் 6 மாதம் வரை பால்பற்கள் விழுந்து முளைக்கும் காலம். அப்போது இழுக்கும் விளையாட்டைக் குறைத்துக்கொள்வார்கள். காவல் தேர்வுக்கோ, நாய்க்கு 18 மாதமாவது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. உறையைக் கவ்வும் பயிற்சி தேர்ந்த பயிற்சியாளர் முன்னிலையில் மட்டுமே நடக்க வேண்டியது. வீட்டு வாசலில் நாமே செய்து பார்க்கும் காரியம் அன்று.

சாதாரண வீட்டுக்கு அந்தக் கடைசிப் படி தேவையும் இல்லை. அந்நியர் வந்தால் குரைத்து அறிவிப்பதும், நீங்கள் ‘போதும்’ என்றதும் அடங்குவதுமே போதுமான காவல். கம்பி வேலிக்குப் பின்னால் 30, 35 கிலோ எடையுள்ள நாய் நிமிர்ந்து நின்று குரைத்தால், திருட வந்தவன் வேறு வழி பார்ப்பான்.

இனி யாராவது தங்கள் நாயைக் காட்டி, “இது யாரையும் விடாது” என்று பெருமையாகச் சொன்னால், அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “நீங்கள் சொன்னால் விடுமா?” ஜெர்மனியின் ஆட்டு மேய்ப்பன் தன் நாயிடம் எதிர்பார்த்ததும் இதைத்தான். கடிக்கும் பல் எல்லா நாய்க்கும் பிறப்பிலேயே உண்டு. எப்போது விடுவது என்பதை மனிதன்தான் கற்றுத்தர வேண்டும்.