காளவாசலிலிருந்து ஒரு நாள் தொலைவில் நம் வரலாறு



பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படி அல்லாஹ் தன் திருமறையில் பல இடங்களில் நமக்கு அறிவுறுத்துகிறான். இதைக் கேட்டதும் ஆது, ஸமூது கூட்டத்தாரின் பாழடைந்த ஊர்களே நம் நினைவுக்கு வருகின்றன. மதுரையில் வாழும் நாம் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஃபஜ்ரு தொழுது புறப்பட்டு இஷாவுக்குள் வீடு திரும்பும் தூரத்திலேயே படிப்பினை நிறைந்த ஊர்கள் பல உள்ளன.

இன்று நம் பிள்ளைகள் வரலாற்றைக் கைபேசியில் கற்கிறார்கள். அங்கே ஒரு சாராருக்கு முஸ்லிம் ஆட்சியாளர் அனைவரும் கொடியவர். மறு சாராருக்கு அனைவரும் மாவீரர். இவ்விரண்டில் எதை நம்பி வளர்ந்தாலும் பிள்ளைகளின் உள்ளம் கோணும். அதனால்தான் அவர்களை உரிய இடங்களுக்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்கிறோம்.

முதல் பயணத்திற்குப் பேருந்துகூடத் தேவையில்லை. காளவாசலை அடுத்த சம்மட்டிபுரத்தில் கான் சாகிபு பள்ளிவாசல் இருக்கிறது. கான் சாகிபு எனப்பட்ட முஹம்மது யூசுப் கான் அடக்கப்பட்ட இடம் அது. இராமநாதபுரம் சீமையின் பனையூரில் மருதநாயகம் என்ற பெயருடன் பிறந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்பது வழிவழிச் செய்தி. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைத் தலைவராக உயர்ந்து, கம்பெனிக்காகப் பூலித்தேவரையும் பிற பாளையக்காரர்களையும் எதிர்த்துப் போரிட்டார். 1759 முதல் மதுரையையும் நெல்லைச் சீமையையும் நிர்வகித்தபோது கண்மாய்களைச் சீர்செய்தார், வணிகருக்குப் பாதுகாப்பளித்தார். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலியோடு பிணக்கு முற்றியதும், 1763இல் நவாபையும் கம்பெனியையும் ஒருசேர எதிர்த்து நின்றார்.

முற்றுகையிட்ட படைகள் 1764 ஜூனில் நடத்திய பெருந்தாக்குதல் தோற்றது. போரில் வீழாத கோட்டை துரோகத்தில் வீழ்ந்தது. அக்டோபரில் அவருடைய திவான் சீனிவாச ராவும் பிரெஞ்சுத் தளபதி மார்ஷானும் மற்றும் சிலரும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கொடுத்தனர். அப்போது அவர் தொழுகையில் இருந்தார் என்பர். 1764 அக்டோபர் 15ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அவரது உடலைத் துண்டித்து வெவ்வேறு ஊர்களில் புதைத்ததாகவும் மக்கள் வழக்கில் கூறப்படுகிறது. 1808இல் அவரது அடக்கத்தலத்தின் மீது சிறு பள்ளிவாசல் எழுந்தது.

இவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? கம்பெனிக்காக வாளேந்தியவரும் இவரே. அதே கம்பெனியால் கொல்லப்பட்டவரும் இவரே. இவரைத் தூக்கிலிடச் செய்த நவாபும் கலிமாச் சொன்னவர்தான். பிள்ளைகள் இக்கேள்வியோடு வீடு திரும்பினாலே போதும்.

அடுத்த பயணத்தைக் கிழக்கே காளையார்கோவிலுக்கு வைத்துக்கொள்ளலாம். 1772இல் கம்பெனிப் படையும் நவாபின் படையும் சேர்ந்து தாக்கியபோது சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் உயிர்நீத்த ஊர் அது. கணவரை இழந்த வேலுநாச்சியார் விருப்பாட்சிப் பாளையத்தில் அடைக்கலம் புகுந்து ஹைதர் அலியின் உதவியை நாடினார். ஹைதர் அளித்த படைத்துணையோடு 1780இல் தம் சீமையை மீட்டார். நாச்சியாரின் நாட்டைப் பறித்தவரும் முஸ்லிம், மீட்க உதவியவரும் முஸ்லிம். அநீதி இழைத்தவர் நம்மவர் என்பதால் அது நீதியாகிவிடாது. நமக்கே எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி அல்லவா நம் மார்க்கம் கற்பிக்கிறது!

இந்த வரலாற்றின் தொடர்ச்சியைத் திண்டுக்கல்லில் காணலாம். ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறினால் சுமார் 65 கிலோமீட்டர். ஹைதர் அலி 1755இல் ஃபவுஜ்தாராகப் பொறுப்பேற்ற ஊர் அது. மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு பேகம்பூர் பெரிய பள்ளிவாசலில் ளுஹர் தொழலாம். ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமாகியிருப்பது அவ்வளாகத்தில்தான். அப்பகுதிக்குப் பெயர் வந்ததும் அவராலேயே.

தெற்கே எட்டயபுரம் சென்றால் வாளோசையை விட்டுத் தமிழோசைக்கு வந்துவிடுகிறோம். நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப் புலவர் அங்கே உறங்குகிறார். அவருக்குத் தமிழ் கற்பித்தவர் அவ்வூர் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவர். காப்பியத்திற்கு ஆதரவளித்தவர்கள் கீழக்கரை வள்ளல் சீதக்காதியும் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரும். இந்து ஆசானிடம் கற்ற தமிழில் நபிகளாரின் புகழ் பாடப்பட்டது என்பதை அந்த மண்ணில் நின்று சொல்லும்போது பிள்ளைகளின் மனத்தில் அது ஆழப் பதியும். அதே தெருக்களில்தான் 1882இல் பாரதியும் பிறந்தார். அந்த வீட்டையும் காட்டிவிட்டு வரலாம்.

பயணத்தின் ஒழுங்குகளையும் இவ்வேளையில் கற்பிக்கலாம். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவைப் பிள்ளைகளே சொல்லட்டும். கஸ்ருக்குரிய தூரம் 48 மைல் என்று நம் ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. திண்டுக்கல் அதற்குள் அடங்கும்; எட்டயபுரம் அதைத் தாண்டும். ஒரு பயணத்தில் நான்கு ரக்அத்தாகவும் மறு பயணத்தில் இரண்டாகவும் ளுஹர் தொழும் பிள்ளைக்குக் கஸ்ருடைய பாடம் மறக்காது. கப்ருகளின் அருகே ஸலாம் சொல்லி, அடங்கியோருக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டு, மறுமையை நினைத்து நகர்வதே ஜியாரத்தின் அதபு. தேவைகளைக் கேட்பது அல்லாஹ் ஒருவனிடமே என்பதையும் அங்கேயே அன்போடு உணர்த்த வேண்டும்.

செலவென்று பார்த்தால் பேருந்துக் கட்டணமும் வீட்டில் கட்டிய சோற்றுப் பொதியும்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குவோம். வாய்ப்பிருந்தால் பக்கத்து வீட்டு மாற்றுமதக் குடும்பத்தையும் உடன் அழைப்போம். இது அவர்களுக்கும் உரிய வரலாறுதானே.

சென்றவர்களின் நன்மைகளைப் பின்பற்றவும், அவர்களின் பிழைகளிலிருந்து பாடம் பெறவும், எந்நிலையிலும் உண்மையையே உரைக்கவும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.