அழிந்த உயிர்களின் வரலாற்றாசிரியர்: ஜோர்ஜ் குவியே

ஓர் உயிரினம் உலகைவிட்டு அடியோடு அற்றுப்போகக் கூடும் என்பதை இன்று பாலரும் அறிவர். ஆயின், 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பிய அறிஞரிற் பலர் இதனை ஒப்புக்கொள்ளவில்லை. இறைவன் படைத்த ஒன்றை அவன் அழியவிடான் என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கையை என்புகளைக் கொண்டே மாற்றியவர் பிரான்சிய அறிஞர் ஜோர்ஜ் குவியே. அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று நமது இலங்கையிலிருந்து சென்றது என்பது நம்மிற் பலர் அறியாத செய்தியாகும்.

குவியே 1769ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆந் திகதி மொம்பெலியார் நகரிற் பிறந்தார். அந்நகர் அன்று வூட்டெம்பேர்க் என்னும் ஜேர்மன் சிற்றரசுக்கு உரியதாயிருந்தது. செல்வமில்லாத குடும்பம். பியூபோன் எழுதிய விலங்கு நூல்களைப் படிப்பதே சிறுவனின் பொழுதுபோக்கு. ஸ்டுட்கார்ட்டிற் கல்வி முடித்தபின் தக்க உத்தியோகம் வாய்க்காமையால், 1788இல் நோர்மண்டியில் ஒரு பிரபுவின் வீட்டில் ஆசிரியரானார். பிரான்சியப் புரட்சி நாட்டைக் கலக்கிய அந்த ஆண்டுகளில் இவ்விளைஞர் கடற்கரையிற் கிடைத்த உயிர்களை அறுத்து ஆராய்ந்து வந்தார். 1795இல் பாரிஸ் நூதனசாலை அவரை வரவேற்றது.

அவ்வாண்டிலே பிரான்சியப் படைகள் ஒல்லாந்தைக் கைப்பற்றின. அந்நாட்டுத் தலைவர் சேர்த்துவைத்த அரும்பொருள்கள் பாரிஸ் கொண்டுவரப்பட்டன. அவற்றிடையே இரு யானைத் தலையோடுகள் இருந்தன. ஒன்று இலங்கையினது, மற்றையது தென்னாபிரிக்க நன்னம்பிக்கை முனையினது. அதே போரின் விளைவாகவே 1796 பெப்ரவரியிற் கொழும்பும் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று.

1796 ஏப்பிரலில், இருபத்தாறு வயதுக் குவியே தம் முடிபை அறிஞர் சபையில் வாசித்தார். இலங்கை யானையின் கடைவாய்ப் பல்லில் வரிகள் ஒடுங்கிச் சமாந்தரமாய்க் கிடந்தன. ஆபிரிக்க யானையின் பல்லில் அவை சாய்சதுர வடிவின. ஆகவே இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள். சைபீரியாவின் உறைமண்ணிற் கிடைத்த மம்மத் யானையின் என்புகளோ இவ்விரண்டினோடும் பொருந்தவில்லை. அத்துணைப் பெரிய விலங்கு மனிதர் கண்ணிற் படாமல் எங்கே ஒளிந்திருத்தல் கூடும்? அது அழிந்தேபோயிற்று என்றார் குவியே.

ஓர் உடலின் உறுப்புகள் யாவும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது அவர் கொள்கை. இறைச்சி தின்னும் விலங்கிற்கு அதற்கேற்ற பல்லும் வேண்டும், நகமும் வேண்டும், குடலும் வேண்டும். பாரிஸ் மொன்மார்த்திர் குன்றின் ஜிப்சக் கல்லிலே சிறு விலங்கொன்றின் என்புக்கூடு கிடைத்தது. பல்லைப் பார்த்த குவியே, இது குட்டியைப் பையிற் சுமக்கும் வகையைச் சேர்ந்தது என்றும், அவ்வகைக்கே உரிய இடுப்பென்புகள் கல்லினுள் இருக்கும் என்றும் முன்னரே கூறினார். பிறர் பார்த்திருக்கக் கல்லைக் கொத்தினார். சொன்னபடியே என்புகள் வெளிப்பட்டன! 1812இல் அவருடைய உயிர்ச்சுவட்டு ஆராய்ச்சிகள் நான்கு பாகங்களாய் வெளிவந்தன.

எனினும், இப்பேரறிஞர் காணாதவையும் உண்டு. உயிர்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்று அதே நூதனசாலையில் லமார்க் கூறியபோது குவியே கடுமையாக மறுத்தார். எகிப்திலிருந்து வந்த பழைய ஐபிஸ் பறவைப் பிணங்கள் இன்றைய பறவைகளை ஒத்திருந்தமையே அவர் காட்டிய சான்று. அம்மாற்றங்களுக்குச் சில ஆயிரம் ஆண்டுகள் போதா என்பதை அவர் ஏற்கவில்லை. அவர் தோண்டியெடுத்த உயிர்ச்சுவடுகளே பின்னர்க் கூர்ப்புக் கொள்கைக்குத் துணைநின்றன.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்று. ஐரோப்பாவிற் காட்சிப்பொருளாக்கப்பட்ட சாரா பார்ட்மன் என்னும் தென்னாபிரிக்கக் கொய்கொய்ப் பெண் 1815இல் பாரிசில் இறந்தார். குவியே அவர் உடலை அறுத்து, குரங்கோடு ஒப்பிட்டு எழுதினார். அப்பெண்ணின் எச்சங்கள் 2002இலேதான் தாய்மண் திரும்பி அடக்கம்பெற்றன. யானையின் பல்லிற் காட்டிய நடுநிலையை ஒரு மனிதப் பிறவியிடத்து அவர் காட்டவில்லை. கல்வி எவ்வளவு பெருகினும், தன் காலத்துச் செருக்கைக் களையாவிடின் அது குறையுடையதே.

நெப்போலியன் ஆட்சியிலும் பின்வந்த மன்னர்கள் ஆட்சியிலும் உயர்பதவிகள் வகித்த குவியே 1832 மே 13இல் காலமானார்.

இளைஞர்களே! குவியே அறிந்த அழிவு நெடுங்காலத்துக்கு முன்னரே நிகழ்ந்து முடிந்தது. இன்று நம் நாட்டிலோ, காடு குறைய, துவக்குச் சூட்டாலும் மின்வேலியாலும் புகைவண்டி மோதியும் யானைகள் மடிகின்றன. அழிவு என்பது உண்மை என்று உலகிற்கு உணர்த்த உதவியது நம் யானையின் தலையோடு. அவ்வுண்மைக்கு நம் யானையினமே இன்னுமொரு சான்றாகிவிடாது காத்தல் நம் தலைமுறையின் கடனாகும்.