நாககன்னியைக் கட்டிய ராஜாக்களும் கல்வராயன் மலைத் துப்பாக்கியும்

மனுஷன் ஒருத்தன். கண்ணுக்குத் தெரியாத உலகத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி. இரண்டு பேருக்கும் காதல். விட்டலாச்சார்யா படம் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதுசில்லை. ஆனால் இதே கதையைச் செப்பேட்டில் வெட்டி வைத்து, "நாங்கள் அந்த வம்சம்தான்" என்று நிஜ அரசர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது உங்களில் சிலருக்காவது புதுசாக இருக்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. காஞ்சிபுரம், புகார், கம்போடியா என்று கொஞ்சம் சுற்றப் போகிறோம். கிளம்புகிற இடம் மட்டும் நம்ம கல்வராயன் மலை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலை ஏறினால் கரியாலூர் வரும். இன்னும் போனால் வெள்ளிமலை. இந்த மலை முழுக்க இருப்பவர்கள் மலையாளிகள். (கேரளாவுக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மலையில் வாழ்பவர்கள் என்பதால் அந்தப் பெயர். பேசுவது தமிழ்.) அரசாங்கக் கணக்கில் பழங்குடியினர். ஆனால் அவர்கள் சொல்லும் பூர்வீகக் கதை வேறு மாதிரி. நாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர்கள், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்களின் வாரிசுகள், ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினோம் என்பார்கள். சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று எங்கே போனாலும் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தக் கதை இருக்கிறது.

சரி, காஞ்சிபுரத்திலிருந்து ஆண்கள் வந்தார்கள். பெண்கள்?

இந்தக் கேள்விக்குக் கல்வராயன் பக்கத்தில் ஒரு பதில் இருந்தது. 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற ஆங்கில அதிகாரி அதைக் குறித்து வைத்திருக்கிறார். மூன்று வருஷம் கழித்து வந்த எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' தொகுப்பிலும் இது இடம்பெற்றது. மலையில் முன்பு இருந்தவர்கள் வேடர்கள். வந்தவர்கள் வேட ஆண்களைக் கொன்றுவிட்டு அவர்களின் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். அதனால் கல்யாணத்தின்போது வானத்தைப் பார்த்து ஒரு துப்பாக்கி வெடிப்பார்கள். அந்தச் சத்தம், செத்துப்போன வேடக் கணவனுக்காக.

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் எந்தச் சாதியின் பூர்வீகக் கதையை எடுத்தாலும், ராஜா கூப்பிட்டார், சாமி சொன்னது, பஞ்சம் வந்தது என்றுதான் ஆரம்பிக்கும். "கொன்றோம், கட்டினோம்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதிலும் அதைக் கல்யாணப் பந்தலிலேயே வருஷா வருஷம் ஞாபகப்படுத்திக்கொள்ள மாட்டார்கள். இது நிஜமாக நடந்ததா என்பது வேறு விஷயம். இப்படி ஒரு கதையை ஒரு கூட்டம் தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் கிளம்பி வந்ததாகச் சொல்லும் காஞ்சிபுரத்துக்குப் போவோம். அங்கேயும் ஒரு கல்யாணக் கதை இருக்கிறது.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்தான் பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன். அந்த நூலுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் இளந்திரையன் பிறப்பைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். நாகப்பட்டினத்துச் சோழன் ஒருவன் பிலத்தின் வழியாக (பூமிக்கு அடியில் போகிற குகை வழி என்று வைத்துக்கொள்ளுங்கள்) நாகலோகம் போகிறான். அங்கே ஒரு நாககன்னியோடு சேர்கிறான். பிறக்கும் பிள்ளையை என்ன செய்வது என்று அவள் கேட்கிறாள். தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடு, கரை சேர்ந்தால் அரசுரிமை தருகிறேன் என்கிறான். பிள்ளையைத் திரை கொண்டுவந்து சேர்த்ததால் திரையன், கொடி கட்டியிருந்ததால் தொண்டைமான்.

மணிமேகலையில் வருவது இன்னும் உருக்கமான வடிவம். புகார்க் கடற்கரைச் சோலையில் சோழன் நெடுமுடிக்கிள்ளி ஒரு பெண்ணைப் பார்க்கிறான். பெயர் பீலிவளை. ஒரு மாதம் அவனோடு இருக்கிறாள். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறாள். ராஜா தேடாத இடமில்லை. கடைசியில் ஒரு சாரணர் உண்மையைச் சொல்கிறார். அவள் நாகநாட்டு அரசன் வளைவணனுக்கும் வாசமயிலைக்கும் பிறந்தவள். சூரிய குலத்தான் ஒருவனைச் சேர்ந்து கருவோடு திரும்பி வருவாள் என்று அங்கே முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அவள் இனி வர மாட்டாள், மகன்தான் வருவான்.

அந்த மகனை மணிபல்லவத் தீவில், கம்பளச் செட்டி என்ற வணிகரின் கப்பலில் ஒப்படைக்கிறாள் பீலிவளை. அன்று இரவே கப்பல் கவிழ்கிறது. பிள்ளையைக் காணவில்லை. (பி.காம் படிக்கிறவன் கண்ணுக்கு முதலில் படுவது கம்பளச் செட்டிதான், மன்னியுங்கள். எவ்வளவு பெரிய சரக்கு, எவ்வளவு பெரிய நஷ்டம்!) பிள்ளையைத் தேடிய துயரத்தில் சோழன் இந்திர விழா எடுக்க மறந்துபோகிறான். சாபம் பலித்துப் புகாரைக் கடல் கொள்கிறது. ஒரு மாதக் காதலுக்கு ஒரு தலைநகரமே விலை.

கதை இலக்கியத்தோடு நிற்கவில்லை. பல்லவர் செப்பேடுகளிலும் வருகிறது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வேலூர்ப்பாளையம் செப்பேட்டில் வீரகூர்ச்சன் என்ற முன்னோரைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அவன் நாகர் தலைவனின் மகளைக் கைப்பிடித்தபோது கூடவே அரச சின்னங்கள் அனைத்தையும் கைப்பிடித்தான் என்பது அதன் பொருள். இராயக்கோட்டைச் செப்பேடு, அசுவத்தாமனுக்கும் ஒரு நாகப் பெண்ணுக்கும் பிறந்தவன் ஸ்கந்தசிஷ்யன் என்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மாமல்லபுரத்தோடு சேர்த்துப் படித்தோமே, அந்தப் பல்லவர்கள்தான்.

வேலூர்ப்பாளையம் வரியை மறுபடி பாருங்கள். பெண் கையும் அரசுரிமையும் ஒரே நேரத்தில் வருகின்றன. சிற்றரசனாக இருந்தவன் அந்தக் கல்யாணத்தால் அரசன் ஆகிறான். இந்த நாகர்கள் யார் என்று வரலாற்றாசிரியர்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள். சூடு நாகர் என்ற தக்காண அரச மரபுதான் என்றார் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ராய். அதாவது பாதாளமும் இல்லை, படமெடுக்கும் பாம்பும் இல்லை. ஏற்கனவே நாட்டை வைத்திருந்த ஒரு குடும்பத்துப் பெண்.

எங்கள் பாடத்தில் 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் உண்டு. அதன் 27ஆவது பிரிவைப் பரீட்சைக்கு எல்லோரும் மனப்பாடம் செய்வோம். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் இன்னொருவனுக்குத் தர முடியாது. புதிதாக வந்த அரசனுக்கும் இதே சிக்கல்தான். கத்தி இருக்கிறது, உரிமை இல்லை. உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமிருந்து வர வேண்டும். வாங்கினேன் என்றால் பத்திரம் எங்கே என்பார்கள். பிடுங்கினேன் என்றால் நாளைக்கு இன்னொருத்தன் பிடுங்குவான். மாமனார் வீட்டுச் சீர் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்! மாமனார் பாதாளத்தில் இருந்துவிட்டால் இன்னும் வசதி.

இது என் கற்பனை மட்டும் இல்லை என்பதற்குக் கம்போடியாவைப் பார்க்கலாம். அங்கே கதை மாறிய விதம் ஓரளவு கண்ணுக்குத் தெரிகிறது. 3ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் போன காங் தாய் என்ற சீனத் தூதர் சொன்னதாகச் சீன நூல்களில் இருப்பது இது. அந்த நாட்டை ஒரு ராணி ஆண்டாள். வெளிநாட்டிலிருந்து ஒருவன் கப்பலில் வந்தான். அவள் தாக்கப் போனபோது அவன் விட்ட அம்பு அவள் படகைத் துளைத்தது. பயந்து பணிந்தாள். அவளையே கட்டிக்கொண்டு நாட்டை ஆண்டான். இதில் நாகம் இல்லை.

அடுத்து 658ஆம் ஆண்டு. இன்றைய வியட்நாமில் இருக்கும் மி சோன் கல்வெட்டில் வந்தவன் பெயர் கௌண்டின்யன் என்கிற பிராமணன். அம்பு போய் ஈட்டி வந்துவிட்டது. அதை அவன் எய்யவில்லை, நிலத்தில் நடுகிறான். ராணியோ நாகராஜன் மகள் சோமா ஆகிவிட்டாள். அந்த ஈட்டியை அவனுக்குக் கொடுத்தது யார் தெரியுமா? துரோணர் மகன் அசுவத்தாமன்! பல்லவர் செப்பேட்டில் வரும் அதே ஆள். இந்த ஒற்றுமையை அறிஞர் ழோர்ழ் செதேஸ் எடுத்துக் காட்டியிருக்கிறார். வங்கக் கடலின் இரண்டு பக்கமும் ஒரே கதை, நாகப் பெண்ணை வைத்து ஆட்சிக்கு உரிமை சொல்லப் பயன்பட்டிருக்கிறது.

1296இல் அங்கோர் போன ஜோ தாகுவான் இன்னும் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அரண்மனையின் பொற்கோபுரத்தில் ஒன்பது தலை நாகம் ஒன்று இருக்கிறதாம். அதுதான் நாட்டு மண்ணுக்கே உரிமையாளர். ஒவ்வொரு இரவும் பெண் உருவில் வரும். ராஜா முதலில் அதனிடம்தான் போக வேண்டும். ஒரு இரவு அது வராவிட்டால் ராஜாவின் சாவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். மண்ணுக்கு உரியவள் அவள், ராஜா ராத்திரி ராத்திரி அனுமதி வாங்குகிற குடித்தனக்காரன்! இன்றும் கம்போடியக் கல்யாணங்களில் மணமகளின் மேலாடை நுனியைப் பிடித்தபடி மணமகன் பின்னால் நடக்கிற சடங்கு உண்டு. நாக இளவரசியின் பின்னால் அவள் உலகத்துக்குப் போனவனின் நினைவு அது என்கிறார்கள்.

ஐரோப்பாவிலும் உண்டு. சனிக்கிழமைகளில் பாதி உடல் பாம்பாகிவிடும் மெலுசின் கதையை ழான் தராஸ் 1393 வாக்கில் எழுதி முடித்தார். எழுதச் சொன்னது பெரி நாட்டுப் பிரபு. மெலுசின் கட்டியதாகச் சொல்லப்பட்ட லூசினியான் கோட்டையை 1374இல் ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியவரும் அவர்தான். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இப்படிச் சொல்லிவிட்டால் காதலே பொய், எல்லாம் நிலத் தகராறு என்று நான் சொல்வதுபோல் ஆகிவிடும். அப்படி இல்லை. மலைச்சாரலில் ஒரு பெண்ணைத் திடீரென்று பார்த்து, இவள் மனுஷிதானா அல்லது மலையில் வாழும் அணங்கா என்று திகைப்பது நம் அகத்திணை மரபிலேயே ஒரு துறை. தொல்காப்பியம் அதற்கு 'ஐயம்' என்று பெயர் வைத்திருக்கிறது. கண் இமைக்கிறதா, சூடிய பூ வாடுகிறதா என்று பார்த்துத் தெளிய வேண்டும். காமத்துப்பாலின் முதல் குறளும் இந்தத் திகைப்பில்தான் ஆரம்பிக்கிறது. பாருங்கள், அங்கே காதலன் தேடுவது அவள் மனுஷி என்பதற்கான அடையாளத்தை. தெளிந்தால்தான் காதல். செப்பேட்டுக்காரர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். மனுஷியாக இருந்தவளை நாகம் ஆக்கினார்கள். பல்லவர் குலத்தையே பெற்றவள் என்கிறார்கள், வேலூர்ப்பாளையம் செப்பேட்டில் அவளுக்கு ஒரு பெயர் கூட இல்லை.

பீலிவளைக்குப் பெயர் இருக்கிறது, அப்பா அம்மா பெயரும் இருக்கிறது. வந்ததும் அவள் இஷ்டம், போனதும் அவள் இஷ்டம். அரசியல் கணக்குக்குள் முழுசாக அடங்காத ஒரே நாகப்பெண் அவள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சாத்தனாருக்கு நன்றி.

மறுபடி மலைக்கு வருகிறேன். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் நினைத்திருந்தால் அவர்களும் மலைச் சுனையில் ஒரு கன்னியைப் பார்த்தோம், மயங்கினோம், அவள் மலையைச் சீதனமாகத் தந்தாள் என்று கதை கட்டியிருக்கலாம். அதற்குச் சுனையும் உண்டு, அருவியும் உண்டு, நம் ஊர்ப்பக்கம் ஏழு கன்னிமாருக்கும் பஞ்சமில்லை. கட்டவில்லை. பிரான்சிஸ் எழுதி வைத்த வடிவத்தில் அந்தப் பெண்கள் வேடப் பெண்கள், அவ்வளவுதான். அவர்களுக்குக் கணவர்கள் இருந்தார்கள். நாகலோகத்து மாமனாருக்கு யாரும் அழ வேண்டியதில்லை, ஆனால் செத்த வேடனுக்கு ஒரு வெடியாவது போட வேண்டியிருக்கிறது.

யாருடைய நிலம் என்ற கேள்வியும் அந்த மலையை விடவில்லை. மூன்று ஜாகிர்தார் குடும்பங்கள் கையில் இருந்த மலையை 1976இல்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிறகு வனத்துறை, பட்டா, 2006 வன உரிமைச் சட்டம் என்று அது தனிக்கதை. அந்தக் காகிதங்கள் எதிலும் வேடர்கள் இல்லை. துப்பாக்கிச் சத்தத்தில் மட்டும்தான் இருந்தார்கள்.